உப்புத் தண்ணீரும் விறைத்த துண்டும்: துவைத்த துணியில் தங்கியிருப்பதை எடுப்பது எப்படி

2020 ஊரடங்குக் காலத்தில் அமெரிக்கர்களின் டிக்டாக்கில் ஒரு வகை வீடியோ பரவியது. துவைத்து மடித்து அலமாரியில் வைத்திருந்த துண்டுகளையும் படுக்கை விரிப்புகளையும் குளியல் தொட்டியில் கொட்டுவார்கள். கை பொறுக்காத சூட்டில் வெந்நீர் விடுவார்கள். வெண்காரம் (போராக்ஸ்) கால் கப், சலவைச் சோடா கால் கப், டிடர்ஜென்ட் தூள் அரை கப். அவ்வப்போது கிளறிவிட்டு நாலைந்து மணி நேரம் ஊற வைத்தால், தொட்டித் தண்ணீர் சாக்கடைப் பழுப்பில் நிற்கும். ‘சுத்தமான துணி என்று இத்தனை நாள் நினைத்தேனே’ என்ற அலறலோடு வீடியோ முடியும். இதற்கு ‘லாண்ட்ரி ஸ்ட்ரிப்பிங்’ என்று பெயர். குழந்தைகளுக்குத் துணி டயப்பர் கட்டும் தாய்மார்கள் இதை முன்பே செய்துகொண்டிருந்தார்கள். டயப்பர் ஈரத்தை உறிஞ்சாமல் போனால் அவர்களுக்கு வேறு வழியில்லை.

அந்தப் பழுப்புத் தண்ணீரில் பாதி உண்மை உண்டு. உடல் எண்ணெய், பழைய சோப்பு, தூசி எல்லாம் அதில் இருக்கும். மீதி, துணியின் சாயம். நேற்று வாங்கிய கருநீலச் சட்டையைச் சோடா போட்ட வெந்நீரில் நாலு மணி நேரம் போட்டாலும் தண்ணீர் நிறம் மாறத்தான் செய்யும். அதனால் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து அழுக்கை அளக்க முடியாது. ஆனால் என் சந்தேகம் அதைவிடப் பெரியது: அந்தச் செய்முறையை அப்படியே எடுத்து வந்து நம்மூர் போர்வெல் தண்ணீரில் செய்தால், எடுக்க நினைத்த படிவு இன்னும் கூடிவிட வாய்ப்பிருக்கிறது.

துவைத்த துணியில் தங்குபவை இரண்டு குடும்பம். ஒன்று சுண்ணாம்பு. இன்னொன்று எண்ணெய். இரண்டுக்கும் மருந்து எதிரெதிர்த் திசையில் இருக்கிறது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் சுண்ணாம்பு. உப்புத் தண்ணீர் என்று நாம் திட்டும் தண்ணீரில், சாப்பாட்டு உப்பால் துணிக்குப் பெரிய தொல்லை இல்லை. அது கரையும், அலசினால் போய்விடும். தங்குவது கால்சியமும் மெக்னீசியமும். சுண்ணாம்பு என்று இங்கே சொல்வது இவற்றைத்தான். இந்த இரண்டின் அளவைத்தான் கடினத்தன்மை என்கிறோம். இந்தியக் குடிநீர்த் தரநிலை (ஐ.எஸ். 10500) லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை. ஆர்.ஓ. விற்க வருபவர் பேனா மாதிரி ஒன்றைத் தண்ணீரில் விட்டுக் காட்டும் டி.டி.எஸ். எண் இது அல்ல. அது கரைந்த உப்புகள் அத்தனையையும் சேர்த்துச் சொல்லும். உங்கள் துண்டை விறைக்க வைப்பது அதில் ஒரு பங்குதான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 600 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள தண்ணீர் பத்து லிட்டர் வாளியில் இருந்தால், அதில் கால்சியம் கார்பனேட் கணக்கில் சுண்ணாம்பு 6 கிராம். பார் சோப் என்பது கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்பு. கால்சியத்தைக் கண்டதும் சோடியத்தை விட்டுவிட்டு அதோடு சேர்ந்துகொள்ளும். சேர்ந்து உருவாவது தண்ணீரில் கரையாத கால்சியம் சோப். வாளி ஓரத்தில் சாம்பல் நிறத்தில் திரிதிரியாக ஒட்டுமே, அதுதான். அந்த 6 கிராம் சுண்ணாம்பைத் தீர்த்துக்கட்டவே கிட்டத்தட்ட 36 கிராம் சோப் செலவாகும். அதற்கப்புறம்தான் நுரையே வரும். அதாவது ஒவ்வொரு வாளியிலும் சோப்பில் ஒரு துண்டு, துணியைத் தொடாமலே பிசினாகி, அந்தத் துணியின் மேலேயே போய் உட்காருகிறது.

சோப்பை விட்டு டிடர்ஜென்ட் தூளுக்கு உலகம் மாறியதற்கு இது முக்கியக் காரணம். அமெரிக்காவில் டைட் வந்தது 1946-இல். இந்தியாவில் சர்ஃப் 1959-இல். 1969-இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் நிர்மாவைத் தொடங்கி, ஏழை வீடுகளுக்கும் தூளைக் கொண்டுபோனார். டிடர்ஜென்ட் கால்சியத்தோடு அவ்வளவு எளிதில் திரிவதில்லை. அது உண்மை. ஆனால் தூளில் அழுக்கு நீக்கும் பொருள் ஒரு பகுதிதான். மிச்சத்தில் பெரிய பங்கு, தண்ணீரின் கடினத்தன்மையைச் சமாளிக்கச் சேர்ப்பது. அங்கேதான் விலை வித்தியாசம் இருக்கிறது. பாஸ்பேட் சேர்த்த தூள் கால்சியத்தைத் தண்ணீரிலேயே கட்டி வைத்து, அலசும்போது வெளியே கொண்டுபோய்விடும். ஏரி குளங்களில் பாசியைப் பெருக்கும் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் வீட்டுச் சலவைத் தூளில் பாஸ்பேட்டுக்குக் கடும் வரம்பு வைத்தது, அது வேறு கதை. மலிவுத் தூளில் அந்த இடத்தை நிரப்புவது சோடா. சோடா கால்சியத்தைக் கட்டி வைக்காது, கீழே தள்ளும். எங்கே? துணி இருக்கும் அதே வாளியில், நூலிடுக்கில்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் சூடான போர்வெல் தண்ணீரை எடுத்து, கால் ஸ்பூன் சலவைச் சோடா போட்டுக் கலக்குங்கள். தெளிந்த தண்ணீர் கண்ணெதிரே வெளுத்துக் கலங்கும். அரை மணி கழித்து அடியில் மாவாகப் படிந்திருக்கும். கெய்சர் காயிலைக் கழற்றும்போது மெக்கானிக் காட்டுகிற அதே வெள்ளைப் பொருள்தான் அது. டம்ளருக்குப் பதில் குளியல் தொட்டி, அதற்குள் உங்கள் துண்டுகள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க வீடியோக்காரருக்குக் குழாயில் மென்னீர் வந்தால் இந்தச் சிக்கல் இல்லை. அவருடைய துணியில் சேர்வது பெரும்பாலும் எண்ணெயும், சாஃப்ட்னரும், அளவுக்கு மீறி ஊற்றிய திரவ டிடர்ஜென்ட்டும். அதற்கு அவருடைய மருந்து சரி. வெந்நீர் தொட்டி நம் சிக்கலுக்குப் பொருந்தாது.

அப்படியானால் சோடாவே கூடாதா என்றால், அதுவும் இல்லை. நம்மூரில் துணியை ஆழமாக வெளுக்கும் கலை முழுக்கக் காரத்தின் (புளிப்புக்கு எதிரான, சோடா போன்ற பொருளின்) மேல்தான் நின்றது. வண்ணார்கள் போட்ட வெள்ளாவியை நினைத்துப் பாருங்கள். உவர்மண் கரைசலில் துணியைத் தோய்த்துப் பிழிந்து, பெரிய பானையின் மேல் அடுக்கி, அடியில் தண்ணீர் கொதிக்க, ஆவியில் இரவெல்லாம் வேக வைப்பார்கள். உவர்மண்ணில் இருந்தது இயற்கையான சோடா. காரம், நூறு டிகிரியை ஒட்டிய ஆவி, நீண்ட நேரம். எண்ணெய்ப் பிசுக்கு தாக்குப்பிடிக்க முடியாது. காலையில் ஆற்றிலோ குளத்திலோ கல்லில் அடித்து, ஓடுகிற தண்ணீரில் அலசி, மணலில் விரித்து வெயிலில் காய வைப்பார்கள். இதில் கவனிக்க வேண்டியது, கலங்கல் துணியிலேயே தங்க வழியில்லை. அடிக்கிற அடியிலும் ஓடும் தண்ணீரிலும் அது போய்விடும். ஃபோர்ட் கொச்சியில் உள்ள டோபி கானா என்ற சலவைக்கூடத்தில் இன்றும் கையால் துவைப்பவர்கள் தமிழ் பேசும் வண்ணார் குடும்பத்தினர். மெஷினைவிட அவர்கள் துவைத்த வேட்டி வெளுப்பாக இருப்பதில் மாயம் ஒன்றும் இல்லை. தண்ணீர் அதிகம், உழைப்பு அதற்கும் அதிகம். அந்த உழைப்புக்குச் சமூகம் கொடுத்த மரியாதை என்ன என்பதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

புறநானூற்றில் (பாட்டு 311) களர் நிலத்தில் தோண்டிய கிணற்றுத் தண்ணீரில் ஒரு பெண் நாள்தோறும் துவைத்த வெள்ளைத் துணி வருகிறது. களர் நிலத்தில் சோடியம் கார்பனேட் மிகுந்திருக்கும். தண்ணீரிலேயே சலவைச் சோடா கரைந்திருக்கும் கிணறு துவைக்க நல்லதுதான்.

இனி எண்ணெய்க் குடும்பம். நம் தோலே எண்ணெய் சுரக்கிறது. சட்டைக் காலரிலும் தலையணை உறையிலும் அது ஏறுகிறது. அப்புறம் நாமாகத் தேய்ப்பது. இதில் தேங்காய் எண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் ஒரு வேறுபாடு உண்டு. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும், ஆனால் காற்றுப் பட்டு எளிதில் கெடாது. சூடான தண்ணீர் கிடைத்தால் கிளம்பிவிடும். நல்லெண்ணெய் அப்படி இல்லை. காற்றோடு வினைபுரிந்து மெல்ல மெல்லப் பிசுபிசுப்பாகி, கடைசியில் நூலோடு நூலாகக் கெட்டிப்படும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கென்று ஒதுக்கிய துண்டு மஞ்சளித்து, எத்தனை துவைத்தாலும் சிக்கு வாடை அடிப்பது இதனால்தான். அந்தத் துண்டைக் குளித்த அன்றே சூடான தண்ணீரில் நனைப்பதும் அடுத்த புதன்கிழமை மெஷினில் போடுவதும் ஒன்றல்ல. நாள் ஆக ஆக அது எண்ணெயாக இல்லாமல் போகிறது.

பாலியஸ்டர் இன்னும் மோசம். பருத்தி தண்ணீரை விரும்பும் நார், பாலியஸ்டர் எண்ணெயை விரும்பும் நார். ஜிம் பனியன் துவைத்துக் காய்ந்தபோது மணமாக இருந்து, போட்டுப் பத்து நிமிடத்தில் உடம்பு சூடேறியதும் நாறினால், சோம்பல் காரணம் இல்லை. உள்ளே எண்ணெய் அப்படியே இருக்கிறது, அதைத் தின்னும் பாக்டீரியாவும் இருக்கிறது. ஈரத் துணியின் அந்த முக்கல் வாடைக்கு மொராக்செல்லா ஓஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா முக்கியக் காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல் காட்டினார்கள். அது துணி உலர்வதைத் தாங்குகிறது, சாதாரணத் துவையலையும் தாங்குகிறது. ஐப்பசி கார்த்திகையில் கொடியில் இரண்டு நாள் கிடந்த துணி ஏன் அப்படி நாறுகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இந்த இரண்டு குடும்பத்தோடு நாமே வாங்கிப் பூசுவதும் சேரும். சாஃப்ட்னர் என்பது துணி நூலின் மேல் ஒட்டிக்கொள்ளவே தயாரித்த மெழுகுப் பூச்சு. சட்டைக்குச் சரி. துண்டுக்கு? துடைக்க வாங்கிய துண்டு தண்ணீரை உறிஞ்சாமல் தள்ளிவிடும். விறைப்புக்கு மருந்தாக அதைச் சேர்ப்பவர்கள், சுண்ணாம்பின் மேல் மெழுகு பூசுகிறார்கள், அவ்வளவுதான். நீலமும் அப்படியே. மஞ்சள் தெரியாமல் கண்ணை ஏமாற்றும், எதையும் எடுக்காது. தூளில் சேர்க்கிற ஒளிரும் பொருளுக்கும் அதே வேலை. கண்ணுக்கு வெள்ளையாக இருப்பதால் துணி சுத்தம் என்று சொல்லிவிட முடியாது.

தூளின் அளவைப் பற்றிச் சொன்னால் வீட்டில் சண்டை வரும். இருந்தாலும் சொல்கிறேன்: நம் வீடுகளில் தூளை நுரையைப் பார்த்துப் போடுகிறோம். முன்பக்கம் திறக்கும் மெஷின் குறைந்த தண்ணீரில் துவைப்பது. அதில் கை நிறையத் தூள் போட்டால் அலசுகிற தண்ணீர் போதாது. மிச்சத் தூள் துணியில் காயும், அடுத்த அழுக்கை இழுத்துப் பிடிக்கும். உடம்பில் அரிப்பும் வரலாம். சோதித்துப் பார்க்க வழி எளிது. துவைத்துக் காய்ந்த துண்டை ஒரு வாளி சூடான தண்ணீரில் போட்டுக் கசக்குங்கள். தூள் எதுவும் போடாமலே நுரை வந்தால், அது பழைய தூள். துண்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உள்ளே போகாமல் முத்தாக நின்றால், எண்ணெய் அல்லது சாஃப்ட்னர். இரண்டும் இல்லாமல் அப்பளம் மாதிரி விறைத்து, சாம்பல் பூத்திருந்தால் சுண்ணாம்பு. தண்ணீரைச் சோதிக்க வேண்டுமானால் பாட்டிலில் பாதி நிரப்பி, பார் சோப்பை மெல்லச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள் (தூள் கூடாது, சோப்தான்). நுரை நின்றால் மென்னீர். நுரையில்லாமல் தயிர் திரிந்த மாதிரி ஆனால், உங்கள் சிக்கல் எங்கே என்று தெரிந்துவிட்டது.

இனி எடுக்கும் வழி. சுண்ணாம்புக்குப் புளிப்பு, எண்ணெய்க்குக் காரமும் சூடும். இரண்டையும் ஒரே வாளியில் கலக்காதீர்கள். ஆப்பசோடாவும் வினிகரும் சேர்த்தால் பொங்குகிற பொங்கலைப் பார்த்து ஏதோ நடக்கிறது என்று தோன்றும். ஒன்றை ஒன்று சாகடித்துக்கொள்வதுதான் நடக்கிறது. மிஞ்சுவது வெறும் உப்புத் தண்ணீர்.

முதலில் புளிப்பு. பத்து லிட்டர் பிளாஸ்டிக் வாளியில் சாதாரணத் தண்ணீர், அதில் இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 30 கிராம் அளவு எலுமிச்சை உப்பு. மளிகைக் கடையில் சிட்ரிக் ஆசிட் என்றாலும் கொடுப்பார்கள். வெந்நீர் வேண்டாம். சுண்ணாம்பும் சிட்ரிக் அமிலமும் சேர்ந்து உண்டாகும் உப்பு, சூட்டில் கரையாமல் மறுபடியும் துணியில் படியும். ஏற்கெனவே துவைத்த துண்டுகளை அதில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் போட்டு, நடுவில் இரண்டு முறை புரட்டிவிடுங்கள். பழைய கால்சியம் சோப் இதில்தான் உடையும்; கால்சியம் தண்ணீரோடு போகும், கொழுப்பு மட்டும் துணியில் மிஞ்சும். நன்றாக இரண்டு தண்ணீரில் அலசுங்கள். புளிப்பு துணியிலேயே காயக் கூடாது, நூல் நைந்துவிடும். அந்தத் தண்ணீரை மொசைக் தரையிலோ கடப்பாக் கல்லிலோ கொட்டாதீர்கள். கடப்பாவும் சுண்ணாம்புக் கல்தான், மேல் மெருகு போய்விடும்.

அடுத்தது காரம். மிஞ்சிய கொழுப்பு, உடல் எண்ணெய், சாஃப்ட்னர் மூன்றும் இதில் கிளம்பும். ஆனால் டம்ளரில் பார்த்த அந்தக் கலங்கல் துணிக்குள் நடக்கக் கூடாதல்லவா? அதனால் தண்ணீரை முந்தின நாளே தயார் செய்யுங்கள். பத்து லிட்டருக்கு ஒரு பெரிய கரண்டி சலவைச் சோடாக் கட்டியைக் கரைத்து இரவு முழுக்க அசையாமல் வைத்தால், கால்சியத்தில் பெரும்பகுதி அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். மெட்ரோ தண்ணீரோ மழைத் தண்ணீரோ கிடைத்தால் இந்த வேலையே வேண்டாம். அதை அறுபது டிகிரி அளவுக்குச் சூடாக்கி, இன்னும் ஒரு கரண்டி சோடாவும், வழக்கமாகப் போடும் டிடர்ஜென்டில் பாதியும் சேர்த்து, தண்ணீர் ஆறும்வரை ஊற வையுங்கள். கரண்டியால் கிளறுங்கள், கையை விடாதீர்கள். விட்டால் கையுறை அவசியம். வெள்ளைத் துணியானால் ஆக்சிஜன் பிளீச் என்று விற்கும் சோடியம் பெர்கார்பனேட்டையும் சேர்க்கலாம். சூடான தண்ணீரில் அது ஹைட்ரஜன் பெராக்சைடாகப் பிரிந்து மஞ்சளிப்பை எடுக்கும், பாக்டீரியாவையும் கொல்லும். அப்புறம் மெஷினில் தூள் போடாமல் ஒரு சுற்று. கண்ணாடிக்குள் இன்னும் நுரை தெரிந்தால் இன்னொரு சுற்று. வெயிலில் காயப் போடுங்கள்.

சோடா என்றதும் ஆப்பசோடாவைக் கொட்டுபவர்கள் உண்டு. அது மிக மென்மையான காரம். இந்த வேலைக்குப் போதாது. வெண்காரம் வேண்டுமா என்றால், என் பார்வையில் தேவையில்லை. ஐரோப்பாவில் அதைக் கருவளத்துக்குக் கேடு செய்யும் பொருள்களின் வரிசையில் வைத்திருக்கிறார்கள். குழந்தை துணிக்குப் போடும் வாளியில் அது இல்லாமலே வேலை நடக்கிறது.

பிளீச்சிங் பவுடர் மேல் நம்மவர்களுக்கு ஒரு நம்பிக்கை. அது சுண்ணாம்பையும் எடுக்காது, எண்ணெயையும் எடுக்காது. நிறத்தை மட்டும் கெடுக்கும். இரும்புச் சத்துள்ள போர்வெல் தண்ணீரில் அதைப் போட்டால், கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருந்த இரும்பு துருவாகி வெள்ளை வேட்டியில் பழுப்பாக இறங்கும். எலுமிச்சை உப்போ வினிகரோ அதன் அருகில் போகவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். சின்னக் குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

பட்டும் கம்பளியும் புரத நார்கள். சோடாவும் சூடும் அவற்றைக் கரைக்கும். காஞ்சிப் பட்டை இந்த வாளிப் பக்கமே கொண்டுவர வேண்டாம். சாயம் போகும் சுங்குடி, எலாஸ்டிக் உள்ள உள்ளாடை, ஜரிகை ஓரம், அச்சடித்த டி-ஷர்ட் எல்லாம் விலக்கு. இது துண்டு, விரிப்பு, தலையணை உறை, வெள்ளை வேட்டி, பனியன் ஆகியவற்றுக்கான வேலை. அதுவும் மாதாமாதம் செய்தால் நூல் வீணாகும். துண்டு உறிஞ்ச மறுக்கும்போது செய்தால் போதும், வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறைக்கு மேல் தேவைப்பட்டால் துவைக்கிற முறையில் ஏதோ தவறு.

அந்தத் தவறு பெரும்பாலும் தூள் டப்பாவில் இருக்கும். இப்போது போடுகிற அளவில் கால் பங்கைக் குறைத்து, ‘எக்ஸ்ட்ரா ரின்ஸ்’ பொத்தானை அழுத்திப் பாருங்கள். தண்ணீர் மிகவும் கடினமென்றால் மட்டும் குறைக்காமல், கடின நீருக்கென்று விற்கும் நல்ல தூளுக்கு மாறுங்கள். அழுக்கை நீக்கக் குறைந்த தூளும், சுண்ணாம்பைச் சமாளிக்கக் கூடுதல் தூளும் கேட்கிறது தண்ணீர், அதனால் எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு சொல்ல முடியாது. கடைசி அலசலில் இரண்டு கரண்டி வினிகர் விட்டால் மிச்சக் காரம் அடங்கும். ஹோட்டல், மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் பெரிய சலவைக் கூடங்களிலும் கடைசித் தண்ணீரில் கொஞ்சம் புளிப்பு சேர்ப்பது வழக்கம். மெஷினின் கதவு ரப்பரை விரித்துப் பாருங்கள். அங்கே கறுப்பாக, வழவழப்பாக ஏதாவது இருந்தால், துணியைத் தொடுவதற்கு முன் அதைத் துடைத்துவிட்டு, காலி மெஷினை அதன் அதிகபட்சச் சூட்டில் ஒரு முறை ஓட்டிவிடுங்கள்.